ஐஸ் கம்பெனி ஏணியடியில் என் வாய் திறந்த நாள்

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால், ஏணியில் கால் வைத்தாலே என் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. ஆலைகளுக்கும் குடோன்களுக்கும் கூரை ஷீட்டு போடுவதுதான் என் வேலை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காத எனக்கு வேறு தொழில் தெரியாது.

நடுக்கத்துக்குக் காரணம் இருந்தது. ஆடி மாதம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அரிசி ஆலைக் கூரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். அவரும் ஷீட்டு வேலைக்காரர்தான். டீக்கடையில் என் வடையில் பாதியை உரிமையோடு பிய்த்துக்கொள்வார். அடக்கத்துக்குப் போனபோதுதான் விவரம் தெரிந்தது. அவர் பாதுகாப்பு பெல்ட் போட்டிருந்தார். கொக்கியும் மாட்டியிருந்தார். ஆனால் ஷீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே மாட்டியிருந்தார். ஷீட்டு உடைந்தபோது துருப்பிடித்த போல்ட்டும் கூடவே வந்துவிட்டது.

நாங்கள் எல்லோருமே அப்படித்தான் மாட்டுவோம். கைக்கு எட்டுவது அதுதான். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. கண்ணை மூடினால் கீழே போய்க்கொண்டே இருப்பேன்.

என் மனைவி ஸ்டெல்லாவிடம் மட்டும் சொன்னேன். அவள் தினமும் காலையில் என் தலையில் கைவைத்து ஜெபிப்பாள். "ஆண்டவரே, இவரக் காப்பாத்தும். இவரு வாயையும் திறந்துவிடும்."

"வாயி எதுக்கு புள்ள?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காலு நடுங்குறத எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எங்கண்ணங்கிட்டச் சொல்லணும்ல."

அவள் அண்ணன் அருளப்பன்தான் எங்கள் காண்ட்ராக்டர். ஆள் பெரிய உருவம், குரல் அதைவிடப் பெரியது. வேலையும் கொடுத்து, தங்கையையும் கொடுத்த மச்சான். அவர் பேச்சுக்கு நான் ஒருநாளும் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. அவர் என்றில்லை, யாரிடமும் எனக்குப் பேச்சு வராது. ஜெபக்கூட்டத்தில் "ஆமென்" சொல்வதைக்கூட நான் உதட்டுக்குள்தான் சொல்வேன்.

ஐப்பசியில் மீன்பிடித் துறையான ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை வந்தது. பழைய சிமெண்ட் ஷீட்டுகளை மழை இறங்குவதற்குள் மாற்றித் தர வேண்டும். அங்கே கடற்காற்று இரும்பைத் தின்றுவிடும். போல்ட்டெல்லாம் கருப்பட்டி நிறத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. மச்சான் முதலில் ஏறி, வழக்கம்போல ஒரு போல்ட்டில் கொக்கியை மாட்டினார்.

"வாங்க மாப்ள, கடக்காத்து என்னமா வருது பாருங்க!"

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'ஆண்டவரே, என் காலைத் திடப்படுத்தும்' என்று வேண்டினேன். கால் நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் என் வாய் திறந்தது.

"மச்சான், கீழ எறங்குங்க."

"என்ன மாப்ள, அதுக்குள்ள பசிக்குதா?"

"அந்தப் போல்ட்டுல மாட்டாதீங்க. ரெண்டு கோடியிலயும் கான்கிரீட் தூண் நிக்குது. நடுவுல கம்பிவடத்த இழுத்துக் கட்டிட்டு அதுல மாட்டுவோம்."

"மழை வருது மாப்ள. அதக் கட்டுறதுக்குள்ள அரைநாள் போயிரும்."

"போகட்டும். உங்களுக்கு ஒண்ணுன்னா ஸ்டெல்லாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மச்சான் இறங்கி வந்து, ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னார்: "ஏம்ப்பா, எங்க மாப்ள பேசுனத எல்லாரும் கேட்டீங்கள்ல? சாட்சிக்கு வரணும். நான் சொன்னா என் தங்கச்சி நம்பமாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வடத்தைக் கட்டினோம். கட்டி முடிக்கும்வரை மச்சான் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஏறினோம். கொஞ்ச நேரத்தில் அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். திரும்பினேன். மச்சானைக் காணோம். அவர் தலையில் கட்டியிருந்த துண்டு மட்டும் கூரையில் கிடந்தது. கீழே ஷீட்டுத் துண்டுகள் விழுந்து சிதறுவது கேட்டது.

"இயேசுவே!" என்று கத்தினேன்.

கம்பிவடம் விறைத்து அதிர்ந்துகொண்டிருந்தது. ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மாப்ள... இருக்கேன்."

நடப்பதற்குப் போட்டிருந்த பலகையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். அந்தப் பெரிய உடம்பு அந்தரத்தில் தொங்கியது. உதடு வெளுத்திருந்தது. "சீக்கிரம் மாப்ள. கீழ விழுந்தா மீனுன்னு பாக்ஸ்ல அடுக்கிருவாய்ங்க." சொல்லும்போதே அழுதார். கீழே இருந்தவர்கள் ஓடிவந்து பெரிய ஏணியை அவர் காலுக்கு அடியில் நிறுத்தினார்கள். பிடித்து இறக்கினார்கள்.

காலையில் அவர் கொக்கி மாட்டிய போல்ட்டு தரையில் கிடந்தது. ஷீட்டோடு சேர்ந்தே விழுந்திருந்தது. மச்சான் அதை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் காட்டினோம். தொடையிலும் அக்குளிலும் கன்றிப்போனதைத் தவிர வேறொன்றுமில்லை. வீட்டுக்கு வந்து மச்சானே எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டெல்லா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நான் கேட்டதக் குடுத்துட்டாரு" என்றாள். நான் திடமான காலைக் கேட்டேன். ஆண்டவர் அவள் கேட்டதைக் கொடுத்தார். அதில்தான் எங்கள் மச்சானின் உயிர் இருந்தது.

இப்போது எந்த வேலைக்குப் போனாலும் மச்சான் முதலில் வடம் கட்டத்தான் இடம் தேடுகிறார். எனக்குக் கால் இன்னும் கொஞ்சம் நடுங்குகிறது. ஆனால் தூக்கம் வருகிறது.

உயரத்தில் வேலை பார்க்கும் சகோதரர்களே, பயத்தை மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் நிச்சயம் கேட்பார். பதில் உங்கள் நாக்கு நுனியில் வந்து நின்றால், வெட்கப்பட்டு விழுங்கிவிடாதீர்கள். கூட வேலை செய்கிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

இதைச் சபைக்குச் சாட்சியாக எழுதித் தந்துவிட்டால் போதும் என்றிருந்தேன். சபையில் நானே எழுந்து வாசிக்க வேண்டுமென்று ஸ்டெல்லா ஜெபிக்கத் தொடங்கிவிட்டாள். அவள் கேட்டால் ஆண்டவர் கொடுத்துவிடுகிறார். அதனால் இப்போதே சத்தமாக வாசித்துப் பழகுகிறேன்.