வாய் திறக்காத பிள்ளை

கல்முனையில் என் மாமியின் வளவுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை இருக்கிறது. பர்மாவிலிருந்து படகில் வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும் அதில் வாடகைக்கு இருந்தார்கள். அகதி முகாமில் இருந்தாலாவது எப்போதாவது ஒரு டொக்டர் வந்து பார்ப்பார். வெளியே வந்தவர்களை யார் பார்ப்பது? மாமிதான் பார்த்தார். ஓதிய தண்ணீரும் கொத்தமல்லிக் குடிநீரும் அவருடைய வைத்தியம். அந்தப் பெண் அவரை 'உம்மா' என்றே கூப்பிட்டாள். சோறு, தண்ணி, நோகுது என்று நாலைந்து சொல்லும் அவரிடமே படித்திருந்தாள்.

ஒரு காலையில் வலது அடிவயிற்றைப் பிடித்தபடி படியில் சுருண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரி என்றதும் தலையை ஆட்டி அழுதாள். படகால் இறங்கிய நாளிலிருந்து புருஷனை மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். பேர், ஊர் கேட்டால் பொலிஸ் வரும், திரும்பவும் அவனைக் கொண்டுபோவார்கள் என்ற பயம். வரமாட்டார்கள் என்று என்னாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

மாமியிடம் எதற்கும் ஒரு வழி இருக்கும். வீட்டோடு வந்த மருமகனான என்னிடம் யோசனை கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"எங்கட சொந்தக்காரப் புள்ள, ஊமையெண்டு செல்லுவம். நீ வாயத் திறந்திராத புள்ள," என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். தன்னுடைய கறுப்பு அபாயாவையே அவளுக்கு உடுத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் அவளுடைய அடிவயிற்றை அழுத்தி, "நோகுதா?" என்றார். அவள் மூச்சே விடவில்லை. மறுபடி அழுத்தினார். கட்டில் விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்தன, வாய் திறக்கவில்லை.

"பெரிசா நோவில்லப் போல," என்று அவர் குளிசை எழுதப் போனபோது மாமி உடைந்துபோனார்.

"பொய் செல்லிட்டன் டொக்டர். அவ ஊமையில்ல, பர்மாப் புள்ள. செல்லு புள்ள, இப்ப செல்லு!"

டொக்டர் கோபப்படவில்லை. "ஆரா இருந்தாலும் பாப்பம். இஞ்ச வோட்டுல நிப்பாட்டுங்க, வைத்தியம் செய்வம்," என்றார்.

அது அவளுக்கு விளங்கவில்லை. வாசலில் பொலிஸ்காரனைப் போலச் சட்டையும் தொப்பியுமாக நின்ற காவலாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல இறங்கி நிமிர்ந்து நின்றாள்.

"நோகல்ல உம்மா," என்றாள்.

சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் வாசலை நோக்கி நடந்தாள். "நில்லு புள்ள," என்று மாமி கத்தினார். வயிற்றில் கை வைக்காமல், நோகாத ஒருத்தியைப் போல அவள் நடந்துகொண்டே இருந்தாள்.