குளவிக்குக் காட்டிய சாம்பிராணி

பூச்சி வளர்க்கிற உத்தியோகம் என்று சொன்னால் எவன் பெண் கொடுப்பான்? ஐம்பதுகளில் புதுக்கோட்டைப் பக்கம் விவசாய இலாகாவின் ஓர் ஓட்டுக் கொட்டகையில் எனக்கு அந்த வேலைதான். தென்னையைத் தின்னும் கருந்தலைப் புழுவைக் கொல்ல ஒரு சின்னக் கறுப்புக் குளவி உண்டு. கட்டெறும்பைவிடச் சிறியது, மனிதரைக் கொட்டாது. அதைக் கண்ணாடிக் குழாயில் பெருக்கித் தோப்புகளில் கொண்டுபோய் விடவேண்டும்.

புழு ஓலையின் அடியில் ஒளிந்துகொண்டு பச்சையைச் சுரண்டித் தின்றுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் தோப்புக்கே யாரோ தீ வைத்த மாதிரி இருக்கும். நாங்கள் அந்த ஓலையை வெட்டி வந்து, புழுவைப் பொறுக்கிக் குழாயில் போட்டு, கூடவே ஒரு குளவியை விட்டு, ஒரு சொட்டுத் தேன் தடவி, வாயில் மல் துணி கட்டி வைப்போம். குளவி புழுவைக் கொட்டி மயக்கி, அதன் உடம்பிலேயே முட்டையிடும். குஞ்சுகள் புழுவைத் தின்று வளரும். அதுவரை தாய் அந்த இடத்தை விட்டு நகராது.

கட்டுமாவடிக்குப் பக்கத்திலிருந்து தோப்புக்கார அம்மாள் ஒருத்தி கொட்டகைக்கு நடையாய் நடந்தாள். புருஷன் பினாங்குக்குப் போனவர், வருஷக்கணக்காகத் தகவல் இல்லை. கொழுந்தன்மார் இருவரும் கருகிய தென்னைகளை வெட்டிவிட்டுச் சவுக்கு போடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். தேங்காயும் கீற்றும் விற்றுத்தான் அவள் சாப்பிட்டாள். ஆடி பிறப்பதற்குள் மரம் பச்சைகட்ட வேண்டும், இல்லாவிட்டால் கோடாலி.

ஒரு குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"புள்ளையளக் காத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா பாருங்க தம்பி. நம்மள மாதிரித்தான்" என்றாள்.

வைகாசியில் அவள் ஊரின் முறை வந்தது. குழாய்களைக் கூடையில் அடுக்கி, மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். இறங்கும்போதே கோடை மழை பிடித்துக்கொண்டது. நனைந்த ஓலையில் விட்டால் குளவி பிழைக்காது.

"காலையில வாரேங்கக்கா. எறும்பு அண்டாமப் பாத்துக்கங்க" என்று கூடையை அவள் வீட்டில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தேன்.

விடிந்ததும் மரமேறியைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே சாம்பிராணி மணத்தது. கூடை எங்கே என்று கேட்டேன்.

"ராத்திரி ஒரே ஈரக் காத்து தம்பி. புள்ளை பெத்தவளுக்கு ஆகுமா? கங்குல சாம்பிராணியப் போட்டு, மேல கூடையக் கவுத்து, அதுமேல கொழாயெல்லாம் அடுக்கி நல்லாப் புகை காட்டுனேன். அசையாமத் தூங்குதுக பாருங்க."

பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் எந்த வீட்டிலும் செய்வதுதான். குழாய்க்குழாயாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அடியில் உதிர்ந்து கிடந்தன. ஆத்திரம் தலைக்கேறியது. அதை யார்மேல் காட்டுவது? மாதக்கணக்கில் நாங்கள் வளர்த்ததை எங்களைவிட அக்கறையாகப் பார்த்துக்கொண்டவள் அவள்.

"புகை ஆகாதுங்கக்கா. செத்துப்போச்சு" என்றேன்.

அவள் ஒரு குழாயை வாங்கி விரலால் தட்டினாள். சாய்த்துப் பார்த்தாள். தாயும் குஞ்சுகளும் ஒரு பக்கமாக உருண்டன.

"எல்லாமேவா?"

மரமேறி இடுப்புக் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இன்னொரு தடவை கொடுக்கச் சொல்லி அதிகாரியிடம் கெஞ்சினேன். அடுத்த முறை அடுத்த ஊருக்கு என்றார். "அந்தம்மா மறுபடியும் பூசை பண்ணினா யார் பொறுப்பு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கொட்டகையில் இருந்ததும் வெயிலில் பாதி செத்துக்கொண்டிருந்தது. மிச்சம் அடுத்த ஊருக்குப் போயிற்று.

ஆடியில் ஒரு நாள் அவள் வந்தாள். இடுப்பில் அதே கூடை. உள்ளே குழாய்கள், கழுவிக் காயவைத்து, வாயில் புது மல் துணி கட்டி.

"நேத்தோட வெட்டி முடிச்சுட்டாக. கண்ணாடி ஆபீஸ் சாமானுல்ல, அதான் கொண்டாந்தேன்" என்றாள்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சாம்பலப் போட்டுத் தேச்சிருக்கேன். பொகை வாடை இருக்கான்னு மோந்து பாருங்க தம்பி."

ஒரு குழாயின் துணியை அவிழ்த்து மோந்தேன்.

"இல்லைங்கக்கா."

"எல்லாத்தையும் பாருங்க."

ஒவ்வொன்றாக மோந்து பார்த்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அன்று சாயங்காலம் அந்தக் குழாய்களில்தான் புதுக் குளவிகளை விட்டேன்.