அப்பாவின் பெட்டிக்கு வந்த கொடி

அப்பா இலங்கை இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபோது யுத்தம் தொடங்கியிருக்கவில்லை. கொட்டாஞ்சேனைத் தமிழர் ஒருவர் சிப்பாயாக இருந்தார் என்றால், எந்தக் காலத்தில் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதனால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

படையில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது குத்துச்சண்டை. மூக்கு இருமுறை உடைந்தவர், வீட்டில் எங்களை ஒருநாளும் அடித்ததில்லை. அம்மா கோபத்தில் அகப்பையைத் தூக்கினால் குறுக்கே வந்து, முகத்துக்கு முன்னால் முஷ்டிகளை உயர்த்திக்கொண்டு துள்ளுவார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் இறைச்சிக்கறி அவர் பொறுப்பு.

கூடத்தில் அவருடைய படங்கள் இரண்டு இருந்தன. ஒன்று சீருடையில், மற்றது கையுறைகளோடு. அப்பாவின் தங்கை, என் மாமி, யாழ்ப்பாணத்தில் மணம் முடித்திருந்தவர். ஒரே மகனை இராணுவம் அடித்த ஷெல்லுக்குப் பறிகொடுத்துவிட்டு எங்களிடம் வந்தார். அவர் வந்து சேருமுன் அப்பா சீருடைப் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார். மாமி பிறகு வெள்ளவத்தையில் ஃபிளாட் எடுத்துப் போனார். படம் அலுமாரியிலேயே இருந்தது.

சென்ற மாதம் அப்பா காலமானார். அடக்கத்தன்று அவருடைய பழைய தோழர் ஒருவர், சிங்களவர், படைப்பிரிவின் கொடியைத் துணிப்பையில் கொண்டுவந்தார். பெட்டியைக் கொடியால் மூடுவதும், குழிக்குள் இறக்குமுன் மடித்து எடுப்பதும் அவர்களுடைய வழக்கம்.

"இந்தப் பல்லை எடுத்தது உங்க அப்பாதான், மகன்," என்று வாயைத் திறந்து காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது போட்டா பரவாயில்லையா? வேணாம்னா கொண்டு போறேன்."

அம்மா முன்பே இறந்துவிட்டதால் முடிவு என்னுடையது. பெட்டியின் தலைமாட்டில் மாமி செபமாலையோடு இருந்தார். மறுத்தால் அப்பாவின் பாதி வாழ்க்கையை ஒளித்துவைத்தே புதைக்கிறேன். சம்மதித்தால் அதை மாமியின் கண்ணுக்கு முன்னால் விரிக்க வேண்டும். குனிந்து அவரிடமே கேட்டேன்.

"மாமி, கொடி போடக் கேக்கினம்."

"என்னை ஏன் கேக்கிறாய்? அண்ணையின்ர கொடிதானே."

"இல்லை, உங்களுக்கு..."

"போடட்டும். நான் பாக்கமாட்டன். குசினிக்குப் போறன்."

அவர் எழுந்து போனார். நானும் தோழரும் கொடியை விரித்தோம். கிழவர் நிமிர்ந்து நின்று சலூட் அடித்தார்.

குசினியில் மாமி கழுவிய கோப்பைகளையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார்.

"போட்டாச்சோ?"

"ஓம், மாமி."

"சுருக்கமில்லாமல் போட்டனீங்களோ?"

"கால்மாட்டில ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாத் தொங்குது."

"பின்னை இஞ்ச என்ன செய்யிறாய்? சனம் பாக்குதெல்லே," என்றார் மாமி, திரும்பாமலே. "போய் நேராக்கிவிடு."

போய் நேராக்கினேன்.