லாரி அங்கே... மகன் எங்கே?

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அந்தப் பச்சைப் புள்ளி நின்றது.

என் செல்போன் திரையில். ஐதராபாத்துக்கு வடக்கே, ஆதிலாபாத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரமாக. நின்றால் என்ன? லாரி என்றால் நிற்காதா? டீ குடிக்க நிற்கும், டீசல் போட நிற்கும். கொஞ்ச நேரம் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து, வாசனை கூடம் வரைக்கும் வந்து, பக்கத்து ஃபிளாட்டிலிருந்து குரல் கொடுக்கும் வரை பார்த்தேன். புள்ளி நகரவில்லை. மகனுக்கு போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப்.

இதை எழுதும்போதும் எழுத்து பிழையாக விழுகிறது. பாதி பயத்தில். மீதிப் பாதி... சந்தோஷத்தில்! இருங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

என் மகன் பிரபுவை இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்கு — டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தான். ஏ.சி. அறையில் உட்காருவான் என்று நாங்கள் நினைத்தோம். அவன் கனரக வாகன லைசென்ஸ் எடுத்துக்கொண்டு ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் டிரைவராகப் போய்ச் சேர்ந்தான். ஸ்ரீரங்கத்தில் எங்களோடு அவன் இருப்பது மாதத்தில் சில நாட்கள். மற்ற நாட்களில் இந்தியாவின் ஏதோ ஒரு ரோட்டில்.

அந்தப் புள்ளி எனக்கு எப்படிக் கிடைத்தது? என் வீட்டுக்காரர் கைலாசபுரத்து ஆலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறார். சரக்கு ஏற்றிய லாரி எங்கே போகிறது என்று பார்க்க டிரான்ஸ்போர்ட்காரர்கள் ஒரு லிங்க் அனுப்புவார்கள். பிரபு ஏறும் லாரிக்கு லிங்க் வந்தால், அது எனக்கும் வந்துவிடும். செய்யக் கூடாததுதான். என்ன செய்வது, என்னைச் சமாளிக்க மனிதருக்கு வேறு வழி தெரியவில்லை. மகனுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. தெரிந்தால், "நான் என்ன கூரியர் பார்சலாம்மா?" என்று கேட்பான்.

அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் சாப்பாட்டு மேஜையில் பெரிய பஞ்சாயத்து. அரியமங்கலத்தில் ஒருவர் தன்னுடைய பன்னிரண்டு சக்கர லாரியை விற்கிறார். பிரபுவுக்கு அதன் மேல் கண். கடன் தருகிறவர்கள் ஈடு கேட்கிறார்கள். எங்களிடம் ஈடாக வேறென்ன இருக்கிறது? குடியிருக்கும் ஃபிளாட்தான். ஃபிளாட் என் பெயரில். ஆக, கையெழுத்துப் போட வேண்டியது நான். புதன்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் கரூர் பார்ட்டி ஒருவர் லாரியை முடித்துக்கொண்டு போய்விடுவார்.

"கம்பெனியிலயே இருடா," என்றார் என் வீட்டுக்காரர். "மாசம் பொறந்தா சம்பளம். ரோட்டுல எறங்கினா பேட்டா. டயர் வெடிச்சா கம்பெனி பாடு, டீசல் ஏறினா கம்பெனி பாடு. சாவியைக் குடுத்துட்டுக் கையை வீசிட்டு வரலாம்."

"எந்த லோடு, எந்த ஊரு, எப்ப வீட்டுக்கு... எதையும் நான் சொல்ல முடியாதுப்பா. பாத்துப் பாத்து ஓட்டினாலும் அதே சம்பளம், போட்டு ஒடச்சாலும் அதே சம்பளம்."

"சொந்த வண்டின்னா நீ சொல்லுவியாக்கும்? மாசத் தவணை சொல்லும்டா. லோடு கிடைச்சாலும் கட்டணும், வண்டி ஷெட்டுல கிடந்தாலும் கட்டணும்."

நான் நடுவில் புகுந்தேன். "லீஸுன்னு ஒண்ணு சொல்லுவியேடா, அது என்ன?"

அவன் விளக்கினான்: வண்டி ஒருவருடையது, ஓட்டம் நம்முடையது. வண்டிக்காரருக்கு மாதம் ஒரு தொகை. டீசல், சுங்கச்சாவடி, சில்லறை ரிப்பேர் எல்லாம் நம் தலையில். லோடும் நாமே தேடிப் பிடிக்க வேண்டும். போக மிச்சம் நமக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிரபுவுக்குத்தான் பிடிக்கவில்லை.

"அது கல்யாணத்துக்கு வாடகை நகை போடற மாதிரிம்மா. போட்டோல ஜோரா இருக்கும். மறுநாள் கழட்டிக் குடுக்கணும்."

நான், "யோசிச்சு சொல்றேன்" என்றேன். அம்மாக்கள் அப்படிச் சொன்னால் முடியாது என்று அர்த்தம் என்பது அவனுக்கும் தெரியும். முகத்தைத் தூக்கிக்கொண்டு படுக்கப் போனான். விடிந்ததும் லாரி ஏறிவிட்டான்.

இப்போது சொல்லுங்கள். அப்படிப் போன பிள்ளையின் புள்ளி நடுவழியில் நின்று, போனும் செத்துப் போயிருந்தால்... உங்களுக்கு எப்படி இருக்கும்?

கம்பெனி ஆபீஸுக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். தேன் மாதிரிக் குரல்.

"வண்டி சேஃபா நிக்குது மேடம். இன்ஜின் ஆஃப்ல இருக்கு."

"வண்டி இருக்கட்டும்மா. டிரைவர் எப்படி இருக்காரு?"

"சிஸ்டத்துல வண்டி விவரம்தான் மேடம் வரும். டிரைவரைப் பத்தி ஐதராபாத் பிராஞ்ச்லதான் கேக்கணும்."

ஐதராபாத் பிராஞ்ச்? மணி அடிக்கிறது, அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது.

அதற்கு மேல் வீட்டில் உட்கார முடியுமா? ஆட்டோ பிடித்தேன். காவிரிப் பாலத்தில் வழக்கமான நெரிசல். அன்றைக்கு அந்தப் பாலம் எனக்கு மட்டும் இரண்டு மடங்கு நீளம். பாலக்கரையில் ஜாபர் பாய் கடை. லாரி ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரம், சொந்தமாக இரண்டு லாரி, என் வீட்டுக்காரருக்குப் பல வருடப் பழக்கம். நான் போய் இறங்கும்போது இவரும், என் போன் கேட்டு, ஆலையில் பர்மிஷன் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் எல்லாம் கம்பெனி பாடு என்று சொன்ன முகம்!

"உக்காருங்க தங்கச்சி. முதல்ல தண்ணி குடிங்க," என்றார் பாய். தன் செல்போனை வாய்க்கு நேராகப் பிடித்தார். நம் ஊர் லாரிக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரூப் இருக்கிறது. எழுதமாட்டார்கள், பேசித்தான் அனுப்புவார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். ஆதிலாபாத் தாண்டி நம்ம திருச்சி டிரெய்லர் ஒண்ணு நிக்குது. நம்ம பையன். போன் போகல. அந்தப் பக்கம் வர்றவங்க கொஞ்சம் எட்டிப் பாருங்கப்பா."

அவ்வளவுதான். பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது. டிங்... டிங்... டிங்! முன்பின் தெரியாத குரல்கள். "நாக்பூர்லேர்ந்து எறங்கிட்டு இருக்கேன் பாய், பாக்கறேன்." "நான் தாண்டிட்டேன் பாய், பின்னாடி நம்ம சங்ககிரி அண்ணன் வர்றாரு, சொல்லிட்டேன்." யார் பையன், என்ன ஆள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வண்டி நிற்கிறது, போன் போகவில்லை. அவர்களுக்கு அது போதும்.

சங்ககிரி அண்ணன்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். பாய் ஸ்பீக்கரைப் போட்டார்.

"வண்டி நல்லா இருக்கு பாய். டயர் மாத்தியிருக்காங்க. ஓரமா அடுப்பைப் பத்த வெச்சுச் சோறு பொங்கிட்டு இருக்காரு."

எனக்கு உயிர் வந்தது. "அவன்கிட்டக் குடுங்கண்ணே! நான் அவங்கம்மா!"

"அம்மாவா? இவருக்கு அம்பத்தஞ்சு வயசு இருக்கும்மா. நல்ல வெள்ளை மீசை. பேரு சுப்பையாங்கறாரு."

என் மகனுக்கு மீசையே ஒழுங்காக வளராது!

சுப்பையா அண்ணனே போனுக்கு வந்தார். "அந்தத் தம்பியை நேத்துக் காலைலயே ஐதராபாத்துல எறக்கிட்டாங்கம்மா. வேற வண்டில ஏத்தி விட்டாங்க. எந்த வண்டி, எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதே."

புரிகிறதா? ஒரு பகலும் ஓர் இரவும் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தது சுப்பையா அண்ணனை. அவர் சரியாகத் தூங்கினாரா, வேகமாகப் போகிறாரா என்று கவலைப்பட்டதெல்லாம் நான். அவருடைய வீட்டுக்காரம்மா எந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ!

முந்தின இரவு பிரபு பேசினான்தான். "சாப்ட்டேன், நல்லா இருக்கேன், வெக்கிறேன்." இறக்கி ஏற்றியதைச் சொல்லவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை போலும். நானும் கேட்கவில்லை. கேட்பானேன்? கையில்தான் புள்ளி இருக்கிறதே!

எனக்கு வந்தது பாருங்கள் ஆவேசம். கடையில் நட்டு வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"லாரி எங்க நிக்குதுன்னு கம்பெனிக்குத் தெரியுது. எம்புள்ள எங்க இருக்கான்னு ஒருத்தருக்கும் தெரியல. இனிமே இந்த வேலை வேணாம் பாய். நான் கையெழுத்துப் போடறேன். சொந்த வண்டிதான். அப்புறம் எவன் அவனை எறக்கி விடுவான்? வண்டி இருக்கற எடத்துல அவன் இருப்பான்!"

பாய் சிரித்துவிட்டார். "ஏன் தங்கச்சி, ஆளு கிடைக்கறதுக்கு முன்னாடி லாரியை வாங்கறீங்களே!"

"சிரிக்காதீங்க பாய்."

"சிரிக்கலை. சொந்த வண்டி வந்தா வீட்டுல இன்னொரு புள்ள பொறந்த மாதிரி. நீங்க ரெண்டு பேருக்குக் கவலைப்படணும். என் வண்டி ஒண்ணு சும்மா நிக்குது, டிரைவர் துபாய்க்குப் போயிட்டான். தம்பி ஆறு மாசம் லீஸுக்கு ஓட்டிப் பாக்கட்டுமே?"

"வாடகை நகை வேணாம் பாய்," என்றேன். வாடகை நகையா என்று அவர் விழித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து ஃபிளாட் பத்திரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். மகன் இருக்கும் இடம் தெரியாது. ஆனால் மனசு துள்ளியது. இத்தனை வருடத்தில் ஒரு துணிச்சலான முடிவுகூட நான் எடுத்ததில்லை. ரிஸ்க் என்ற சொல்லையே பக்கத்துத் தெருவோடு நிறுத்தி வைத்த குடும்பம் எங்களுடையது. மாதச் சம்பளத்துக்குப் பழகியவர்கள் கவலையையும் சேர்த்துக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுகிறோம். கம்பெனி வேலையை மட்டும்தான் வாங்கிக்கொள்கிறது என்பது இப்படி ஒரு நாளில்தான் தெரிகிறது.

என் வீட்டுக்காரர் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஐதராபாத் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் காலிங்பெல் அடித்தது.

பிரபு! கசங்கின சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஆலைக்குச் சரக்கு ஏற்ற வந்த காலி வண்டியை ஓட்டிக்கொண்டு திருச்சிக்கே வந்திருக்கிறான். "பத்து நிமிஷத்துல எறங்கி ஏறுன்னாங்க. பை, சார்ஜர், அடுப்பு எல்லாம் அந்த வண்டியோடயே போயிடுச்சு, போனும் செத்துடுச்சு... ஏம்மா அழற?"

அழுதேன், திட்டினேன், கன்னத்தைத் தடவினேன் — எல்லாம் ஒரே சமயத்தில். புள்ளி விஷயமும் வெளியே வந்துவிட்டது. அவன் திட்டவில்லை. பாய் கடையில் நடந்ததை அவன் அப்பா சொன்னார், லீஸ் பேச்சு உட்பட. நான் பத்திரத்தை அவன் கையில் திணித்தேன்.

"இந்தாடா. கையெழுத்துப் போடறேன். காலைல அரியமங்கலம் போய்ச் சொல்லிடு!"

இதற்காக மாதக்கணக்கில் சண்டை போட்டவன். துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தேன். அவனோ பத்திரத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"நான் ஓட்டிட்டு வந்த வண்டி கம்பெனி வண்டி இல்லம்மா. ஒருத்தர் சொந்தமா வெச்சிருந்திருக்காரு. தவணை கட்ட முடியல, பிடுங்கிட்டாங்க. கம்பெனி ஏலத்துல எடுத்திருக்கு. முன் கண்ணாடில அவரு பொண்ணு பேரு பெருசா ஒட்டியிருக்கு. சுரண்டிப் பாத்திருக்காங்க, போகல. ஐதராபாத்லேர்ந்து அந்தப் பேரைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

அவன் அப்பா கையிலிருந்த செல்போனை மேஜை மேல் வைத்தார்.

"பாய் வண்டியையே லீஸுக்கு எடுக்கறேன்பா," என்றான் அப்பாவிடம். பிறகு பத்திரத்தை என் மடியில் வைத்தான்.

"இதை உள்ள வைம்மா. லாரின்னா லீஸுக்குக் கிடைக்கும். எறங்குன்னதும் நேரா வர்றதுக்கு இப்படி ஒரு வீடு லீஸுக்குக் கிடைக்குமா?"