பெரியவனைக் கொட்டிய திங்கள்கிழமை

அப்பாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, மெத்தையைத் திருப்பிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை. தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் மகள்.

"தூக்கும்மா. பிடிச்சுக்கிட்டு நின்னா அது தானா திரும்புமா?"

"நான் தூக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்கதான் அதுமேல சாஞ்சு நிக்கிறீங்க."

"சாயலை. மூச்சு வாங்குறேன்."

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து கட்டிலை உடைச்சிடாதீங்க. புதுசு வாங்க என்னால அலைய முடியாது."

மெத்தை ஒருவழியாகத் திரும்பியது. அப்பா அதன் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். மகளுக்கு அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் ஆலையில் பெரியவனைக் காலி செய்யப் போகிறார்கள். செய்யக் கூடாது. அதைச் சொன்னால் ஏன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெரியவன் ஆள் இல்லை. மக்காச்சோள மாவிலிருந்து சர்க்கரைப் பாகு காய்ச்சும் ஆலையில், கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மூன்று எஃகு உருளைகளில் ஒன்று. உள்ளே கடுகளவு மணிகள். அவற்றில் நொதியைப் பிணைத்து வைத்திருப்பார்கள். மேலிருந்து சூடான குளுக்கோஸ் பாகு இறங்கும். நொதி அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானதை, இன்னும் அதிகம் இனிக்கும் ஃப்ரக்டோஸாக மாற்றிவிடும். பிணைக்காவிட்டால் நொதி பாகோடு அடித்துக்கொண்டு போய்விடும். பிணைத்தால் மாதக்கணக்கில் உழைக்கும். உழைக்க உழைக்கச் சோர்ந்துபோகும். அப்போது பாகை மெதுவாக விட வேண்டும், மணிகளுக்கு நடுவே கூடுதல் நேரம் இருக்கட்டும் என்று. அதற்கும் மசியவில்லையென்றால் மணிகளைக் கொட்டிவிட்டுப் புதிது நிரப்புவார்கள்.

அப்பா அந்த ஆலைக்குள் மூட்டை இறக்கப் போனவர். பம்ப், வால்வு என்று கைக்கு வந்ததையெல்லாம் கற்றுக்கொண்டு உருளைக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார். உருளைகளை அவர் எண் சொல்லி அழைத்ததில்லை. உள்ளிருக்கும் மணிகளின் வயதுப்படி பெரியவன், நடுவன், கடைக்குட்டி. பெரியவனைக் கொட்டிப் புதிது நிரப்பினால் அன்றைக்கே அவன் கடைக்குட்டி, நடுவனுக்குப் பதவி உயர்வு. நாளடைவில் மேனேஜர் உட்பட ஆலையே அப்படித்தான் பேசியது. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது விசாரித்தால் அம்மா சொல்வாள், "எனக்கு ஒண்ணு. அவருக்கு நாலு."

கீழே வரும் பாகை ஸ்பூனில் பிடித்து ஆறவைத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். விதிப்படி கூடாது. எல்லோரும் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்ப்பார்கள். பெரும்பாலும் சரியாகச் சொல்வார். தப்பியதும் உண்டு, அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

மகளுக்கு அதே ஆலையின் ஆய்வகத்தில் வேலை. பாகு வழியே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு மாறியிருக்கிறது என்று காட்டும் கருவி அவள் பொறுப்பு. ரிப்பேருக்குப் போய் வந்ததிலிருந்து அதற்கு மதிப்பில்லை. பெரியவன் நன்றாக இருக்கிறான் என்றது கருவி. இனிப்பே இல்லை, முடிந்தான் என்றார் அப்பா. மேனேஜர் நாக்கின் பக்கம் நின்றார்.

சனிக்கிழமை மகள், அளவு தெரிந்த கரைசல்களை வைத்துக் கருவியைச் சோதித்தாள். கருவி சரி. பெரியவனிடம் இன்னும் வேலை பாக்கி இருந்தது. வீட்டில் சர்க்கரை டப்பா காலியாகும் வேகத்தைப் பற்றி அம்மா புலம்பியது அப்போதுதான் உறைத்தது. இதயத்துக்கு அப்பா சாப்பிடும் புது மாத்திரையைப் பற்றி மருந்துக் கடையில் கேட்டாள். சிலருக்கு ருசி மங்கும் என்றார்கள்.

இப்போது மெத்தையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, பெரியவன் நல்லாத்தான் இருக்கான்."

"யார் சொன்னா? உன் மெஷினா?"

"நேத்து சரிபார்த்துட்டேன்."

"அதுவே ஆஸ்பத்திரி போயிட்டு வந்தது. அது என்னைச் சொல்லுதா?"

"டீக்கு இப்போ எத்தனை ஸ்பூன் போடுறீங்க?"

அப்பா மெத்தையின் தையலை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"அப்போ நாக்குதான் போயிடுச்சா."

"மாத்திரையாலதான். டாக்டர்கிட்ட சொன்னா மாத்தித் தருவாங்க."

"நல்ல மணியைக் கொட்டச் சொல்லிட்டேனே." அவள் பக்கம் திரும்பிச் சொன்னார், "நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. காலையில போனதும் மேனேஜர்கிட்ட நானே சொல்றேன். என் வாயால சொன்னாதான் மரியாதை."

"போன்ல சொல்லிடுங்களேன்."

"இதைப் போய் போன்லயா சொல்லுவாங்க? போடி."

மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை வீடு நிறைய ஆட்கள். வந்தவர்களுக்கெல்லாம் மகள் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: தூக்கத்திலேயே போய்விட்டார், கஷ்டப்படவில்லை. மாலைக்குள் அந்த வாக்கியத்தில் ஒன்றும் மிச்சமில்லை. ஆலை என்று ஒன்று இருப்பதே அவள் நினைவில் இல்லை.

பொழுது சாய்ந்தபோது ஃபிட்டர் வந்தார். அப்பாவோடு காலமெல்லாம் வேலை பார்த்தவர், அவளுக்கு மாமா முறை வைத்துப் பழக்கம். குளித்துவிட்டு வந்தும் அவர் மேல் பாகு வாடை போகவில்லை.

"பெரியவனைக் கொட்டிட்டோம்மா."

மகள் அவரைப் பார்த்தாள்.

"மேனேஜர் ரெண்டு நாள் போகட்டும்னாரு. நாங்கதான் கேக்கல. அண்ணன் கடைசியா சொன்ன வேலை. ஷிப்ட் முடிஞ்சவன்கூட வீட்டுக்குப் போகாம நின்னு செஞ்சான்." நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார். "கொட்டினப்போ பார்த்தா மணியெல்லாம் புதுசாட்டம்தான் இருந்துச்சு. ஆனா அண்ணன் நாக்கு சொன்னா சொன்னதுதான். இல்லையா?"

எல்லோரும் உழைத்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது.

"ஆமா மாமா."

"உன் மெஷினைத்தான் திரும்பவும் ரிப்பேருக்கு அனுப்பறாங்களாம்."

"சரி."

அவர் போனபின் அம்மா கேட்டாள், "என்னவாம்?"

"ஒண்ணுமில்லம்மா. ஆலை விஷயம்."

காரியங்கள் முடிந்து மகள் வேலைக்குத் திரும்பினாள். கருவி இருந்த மேசை காலியாக இருந்தது. மேனேஜரின் அறை அதே வராந்தாவின் கோடியில்தான், கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். அப்பா சொல்ல வேண்டியதை இதுவரை யாரும் அங்கே போய்ச் சொல்லவில்லை.