டீசல் டேங்குக்கு ஒரு பூட்டு

சென்ற வாரம் சிரம்பானுக்குப் போகும் வழியில் மகன் தன் பிக்கப்புக்கு டீசல் ஊற்ற நிறுத்தினான். உட்கார்ந்தே வந்து கால் மரத்துப் போயிருந்ததால் நானும் இறங்கி நின்றேன். குழாயை அவன் திரும்ப மாட்டும்போது இரண்டு சொட்டு என் புறங்கையில் தெறித்தது. துடைக்கத் தோன்றவில்லை. கை தானாக மூக்கருகே போனது.

“என்னாம்மா, டீசலப் போயி மோந்து பாக்குறீங்க?” என்றான்.

“சும்மாதான்” என்றேன்.

சும்மா இல்லை. ஒரு காலத்தில் இரண்டு ஆண்களின் சட்டையை நான் இப்படித்தான் மோந்து பார்த்துக்கொண்டு திரிந்தேன். தப்பாக நினைத்துவிடாதீர்கள். ஒருவர் என் வீட்டுக்காரர், இன்னொருவர் என் கூடப்பிறந்த அண்ணன்.

அப்போது நாங்கள் பெடாஸ் ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்தில் வாசனையை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். மருந்தடித்துவிட்டு வருபவர்கள் குளித்த பிறகும் மருந்தாகவே மணப்பார்கள். குலை தூக்குகிறவர்களிடம் பழுத்த செம்பனையின் கொழகொழத்த இனிப்பு வாடை இருக்கும். தோட்டத்தில் ரப்பர் மரங்கள் நின்ற காலத்தில் என் அப்பா பால் வெட்டினார்; அவர் இருந்தவரை எங்கள் வீட்டில் புளித்த ரப்பர்ப் பால் வாடைதான். அவர் போய் வெகுநாள் கழித்தும் மழை பெய்தால் அந்தப் பலகைச் சுவரிலிருந்து அது கிளம்பி வரும். நான் கல்யாணமாகிப் பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்குப் போன பிறகு என் வாசனை டீசலாகிவிட்டது.

குணா அண்ணனும் என் வீட்டுக்காரர் தேவனும் கல்யாணத்துக்கு முன்பே கூட்டாளிகள். இருவரும் சேர்ந்து பழைய லோரி ஒன்று வாங்கினார்கள். தோட்டத்துச் செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் வேலை. காலையில் அண்ணன் ஓட்டுவார், மதியத்துக்கு மேல் இவர். லோரி வாங்கிய பிறகுதான் எனக்குக் கல்யாணமே ஆனது. லோரிக்கு மூன்றாவது பங்காளியாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நான் கேலி செய்வேன். அந்தக் கேலி பின்னால் நிஜமாகும் என்று தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

ஆலைக்குப் போகிற வழியில் ஒரு மேடு உண்டு. பாரம் ஏற்றிய எங்கள் லோரி அதில் ஏறுவதற்குள் ஒரு பெண் தலை பின்னி முடித்துவிடலாம். மற்ற லோரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போகும். ஆலை வாசலில் எங்கள் முறை கடைசியாகத்தான் வரும். அண்ணனுக்கு அது மானப் பிரச்சனையாகிவிட்டது.

“டேய் மாப்ள, தெமியாங்ல சேவியரு இருக்காரு. டீசல் பம்ப்புக்குள்ள பெரிய சாமான் போட்டுத் தர்றாராம். அப்பறம் வண்டி பறக்கும்லா” என்றார்.

“இருக்கிறது போதும்டா மச்சான். பழைய என்ஜின் தாங்குமா?” என்றார் இவர்.

அண்ணன் கேட்கவில்லை. டீசலை அளந்து என்ஜினுக்குத் தள்ளுகிற உள்சாமான்களைக் கழற்றிவிட்டு, சேவியர் பெரியதாகப் போட்டுக் கொடுத்தார். அவருடைய பட்டறை தெமியாங்கில் ஒரு பின்சந்தில் இருந்தது. நானும் கூடப் போயிருந்தேன். சுவரில் மாதா படம், அதற்கு மெழுகுவத்தி. மெழுகுவத்திக்குக் கீழேயே டீசல் வாளி.

வண்டி பறந்தது, பொய் சொல்லக் கூடாது. கறுகறுவென்று புகையைக் கக்கிக்கொண்டு அந்த மேட்டில் ஏறியபோது அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் வந்த லோரிக்குக் கையாட்டினாராம். ஒரு வாரம் வீட்டில் அதே பேச்சுதான்.

பிறகு ஒழுக ஆரம்பித்தது. பம்ப்பிலிருந்து போகும் குழாய் முனைகளில் முதலில் கசிவு. லோரி நின்ற இடத்தில் மண் கறுத்தது. சேவியர் வந்து முடுக்கிக் கொடுத்தார். ஒரு முனை நின்றால் இன்னொன்று கசிந்தது. மூன்றாம் முறை வந்து பித்தளை வளையங்களையெல்லாம் மாற்றினார். அதோடு சொட்டு நின்றது. அண்ணன் அடியில் அட்டை விரித்துப் பார்த்தார். காலையில் அட்டை சுத்தமாக இருந்தது.

ஆனால் டேங்கில் டீசல் குறைந்துகொண்டேதான் இருந்தது. பம்ப் பெரிதானால் கொஞ்சம் கூடக் குடிக்கும் என்று சேவியர் முன்பே சொல்லியிருந்தார். இது கொஞ்சம் இல்லை. ஒழுகுகிறவரை எல்லோரும் லோரியைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஒழுகல் நின்ற பிறகு யாரைத் திட்டுவது என்று ஆள் தேட வேண்டியதாகிவிட்டது.

முதலில் அண்ணன்தான் என்னிடம் வந்தார். குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“பாப்பா, தேவன் மத்தியானத்துல நேரா ஆலைக்குத்தான் போறானா?”

“ஏண்ணே?”

“சும்மா கேட்டேன்.”

அன்று மாலை இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். “ஒங்கண்ணன் காலையில யாருக்காச்சும் டீசல் எடுத்துக் குடுக்குறானா? அவன் கைய விட்டு என் கைக்கு வர்றப்பவே பாதிதான் இருக்கு.”

இரண்டு பேருக்கும் நடுவில் நான். அண்ணன் நல்லவர் என்று இவரிடமும், இவர் நல்லவர் என்று அண்ணனிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர மனசு சும்மா இருக்கவில்லை. துவைக்கப் போட்ட இவருடைய சட்டையை மோந்து பார்ப்பேன். அண்ணன் வீட்டுக்குப் போனால் கொடியில் கிடக்கும் அவருடைய சட்டை. லோரி ஓட்டுகிறவன் சட்டையில் டீசல் மணக்காமல் பிச்சிப்பூவா மணக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள். வேலையை மேற்பார்க்கும் தோட்டத்து மண்டோர் ஒருநாள் என்னிடம் நின்று பேசியபோது அவர் பக்கமும் மூக்கை நீட்டிவிட்டேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

அப்புறம் அண்ணன் டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தார். சாவி யாரிடம் இருப்பது என்று பேச்சு வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

“பாப்பாகிட்ட இருக்கட்டும்” என்றார் அண்ணன்.

“அவகிட்டயே இருக்கட்டும்” என்றார் இவர்.

இத்தனை நாளில் இருவரும் ஒத்துப்போனது அது ஒன்றில்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சாவியைத் தாலிக்கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

பூட்டுப் போட்டும் டீசல் குறைந்தது.

இனி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே புரியும். இவருக்கு நான் அண்ணனுக்குத் திறந்துவிடுகிறேன் என்று எண்ணம். அண்ணனுக்கு நான் புருஷனுக்குத் திறந்துவிடுகிறேன் என்று எண்ணம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அண்ணன் எங்கள் வீட்டில் தேநீர் குடிப்பதை நிறுத்தினார். “வயிறு சரியில்ல பாப்பா” என்றார். இவர், நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துச் சாவி கழுத்தில் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தேன். கல்யாணமாகி ஓர் ஆண்டு நிறையவில்லை அப்போது.

கடைசியில் ஒருவரை ஒருவர் தனியாக விடுவதில்லை என்றாகிவிட்டது. இவர் ஓட்டினால் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், அண்ணன் ஓட்டினால் இவர். அப்படி ஒரு மதியம், பெடாஸ் கடைத்தெருவுக்குப் போக வேண்டுமென்று நானும் ஏறிக்கொண்டேன். நடுவில் நான், இந்தப் பக்கம் அண்ணன், ஸ்டியரிங்கில் இவர்.

மேட்டில் பாதி ஏறியிருப்போம். கியர் மாற்ற இவர் கிளச்சை மிதித்தார். என்ஜின் அடங்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் அலறியது. சத்தம் ஏறிக்கொண்டே போனது. பின்னால் வெள்ளைப் புகை ரோட்டையே மூடிவிட்டது. நிறுத்தும் கம்பியை இவர் இழுத்தார். என்ஜின் சாவியைத் திருப்பிப் பிடுங்கினார். என்ஜின் யார் பேச்சையும் கேட்கவில்லை. காலடித் தகடு அதிர்ந்து என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. பின்னால் அத்தனை பாரம்.

“டேய் மாப்ள, பிரேக்க விடாத. பெரிய கியரப் போடு. போட்டியா? இப்ப கிளச்ச விடு, டக்குனு விடு” என்றார் அண்ணன். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இவர் விட்டார். லோரி ஒரு முறை முன்னால் துள்ளி, உடம்பெல்லாம் உதறி, நின்றது. மேலே இருந்து இரண்டு குலைகள் உருண்டு விழுந்து பள்ளத்தை நோக்கி ஓடின. அண்ணன் குதித்துச் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்தார். இவருக்குப் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. அண்ணன்தான் அந்தக் காலைப் பிடித்து மெல்ல எடுத்துவிட்டார்.

சூடு ஆறியதும் என்ஜின் எண்ணெய் பார்க்கும் கம்பியை அண்ணன் உருவினார். குறியைத் தாண்டி ஒரு சாண் உயரத்துக்கு எண்ணெய் ஏறியிருந்தது. கம்பியிலிருந்து தண்ணீராகச் சொட்டியது. “நான் குறையுதான்னுதான் பாப்பேன். கூடுதான்னு எவன் பாப்பான்” என்று முனகிக்கொண்டே கம்பியை என்னிடம் நீட்டினார். மோந்தேன். டீசல்.

தோட்டத்தில் எல்லோரையும் மோந்து பார்த்தவள் அந்தக் கம்பியை மட்டும் விட்டுவிட்டேன்.

சேவியர் வந்து பம்ப்பைப் பிரித்தார். அவர் போட்ட சாமான்களில் ஒன்று அடியில் சரியாக உட்காரவில்லை. அந்த இடுக்கு வழியாக டீசல் பம்ப்புக்குள்ளேயே இறங்கி, என்ஜின் எண்ணெயில் கலந்திருக்கிறது. எண்ணெய் நிரம்பி வழிந்து, கடைசியில் அந்த எண்ணெயையே என்ஜின் குடித்து எரித்து ஓடியிருக்கிறது. பழைய சாமான்களையே திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். வேண்டுமென்றே செய்திருப்பாரோ என்று அண்ணன் அவரையும் கொஞ்ச நாள் சந்தேகப்பட்டார். பழகிவிட்டது, வேறென்ன.

டீசல் அதன் பிறகு குறையவில்லை. லோரி மறுபடி அந்த மேட்டில் ஊர்ந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பூட்டைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் சொல்கிறாள் என்று இருவரும் யோசிப்பார்கள். சில மாதங்களில் அண்ணன் தன் பங்கை இவருக்கே விட்டுக் கொடுத்துவிட்டு, போர்டிக்சனில் எண்ணெய் டேங்கர் ஓட்டப் போனார். சம்பளம் நல்ல சம்பளம் என்றார். உண்மையாகவும் இருக்கலாம்.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. மேட்டை வெட்டிச் சமமாக்கி நால்வழிச் சாலை போட்டுவிட்டார்கள். லோரி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. குணா அண்ணன் ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணியோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார். தேநீர் குடிக்கிறார். அவரும் இவரும் முட்டி வலி, பந்து விளையாட்டு, பேரப்பிள்ளைகள் என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். லோரியைப் பற்றி ஒரு சொல் வராது. கிளம்பும்போது இவர் கார்வரை போய்க் கதவைத் திறந்துவிடுவார்.

“அப்ப வர்றேங்க மாப்ள” என்பார் அண்ணன்.

“சரிங்க மச்சான், பாத்துப் போங்க” என்பார் இவர்.

கேட்பவர்களுக்கு எவ்வளவு மரியாதை என்று தோன்றும். தோட்டத்தில் இருந்த காலத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.