ஓரத்தில் நின்ற படம்

செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பீங்கான் பொம்மைகள் சூளைக்குப் போகும் முன் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அவற்றைப் போனில் படம் எடுப்பேன். வெள்ளைப் பொம்மை போனில் சாம்பலாக விழும். அதைச் சரிசெய்யத்தான் முதல் ஆப்பை இறக்கினேன். அது பிடிக்காமல் இன்னொன்று. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆங்கிலம் புரியாத இடத்திலெல்லாம் அழுத்திப் பார்த்து, என்ன மாறுகிறது என்று கவனித்தே கற்றுக்கொண்டேன்.

ஒரு கேமரா ஆப் தானாகவே முகத்தை வழவழப்பாக்கியது. எனக்கு வாயைச் சுற்றியும் கண்ணோரத்திலும் வெண்புள்ளி இருக்கிறது. ஒட்டாத வியாதிதான். ஆனாலும் அதனால்தான் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்த ஆப்பில் புள்ளிகள் மறைந்து, வாடகைக்கு வீடு கேட்டு வந்தவள் போல யாரோ ஒருத்தி என்னைப் பார்த்தாள். அன்றே அந்த ஆப்பை நீக்கிவிட்டேன்.

வேறொரு ஆப்பில் வேண்டாததை விரலால் தேய்த்தால் மறைந்துவிடும். கோபுரத்துக்குக் குறுக்கே போகும் கரண்டுக் கம்பியை அழித்துத் தங்கை மகளிடம் காட்டினேன்.

“சூப்பர் பெரியம்மா! எனக்கும் சொல்லிக் குடு.”

சொல்லிக் கொடுத்தேன். “ஆள அழிச்சா மட்டும் பத்தாது, நெழலயும் அழிக்கணும். இல்லன்னா காட்டிக் குடுத்துடும்” என்றேன்.

பொங்கலன்று எல்லோரையும் நிற்க வைத்துப் போனைச் சன்னலில் சாய்த்தேன். வழக்கமாக நான் படத்தில் நிற்பதில்லை. தங்கை மகள்தான், “டைமர் வச்சுட்டு ஓடியா பெரியம்மா” என்று பிடிவாதம் பிடித்தாள். ஓடிப் போய் அவள் பக்கத்தில், ஓரமாக நின்றேன். அந்தப் படத்தில் நான் எதையும் திருத்தவில்லை. அப்படியே எல்லோருக்கும் அனுப்பினேன்.

ஆவணியில் திட்டக்குடியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். “நீதான்க்கா போட்டோ எடுக்கணும்” என்று தங்கை கூப்பிட்டிருந்தாள். பெருமையாகப் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா தங்கையிடம் தன் போனை நீட்டி, “நீங்க அனுப்புன போட்டோவப் பார்த்துத்தான் வூட்ல எத்தினி பேருன்னு தெரிஞ்சுக்கிட்டோம்” என்று சிரித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பொங்கல் படம். ஓரத்தில் நான் நின்ற இடத்தில் சுவர் மட்டும் இருந்தது. தரையில் நிழலும் இல்லை. சுத்தமான வேலை.

தங்கை மகளைப் பார்த்தேன். அவள் பஜ்ஜித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவங்க யாரு?” என்று அந்த அம்மா என்னைக் காட்டிக் கேட்டார்.

நான் வாய் திறக்கும் முன் தங்கை சொன்னாள்: “போட்டோ எடுக்க வந்தவங்க.”

பெண் வீட்டில் வெண்புள்ளி என்றால் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயம். அது எனக்குப் புரியாததில்லை. என்னிடமே கேட்டிருந்தால் அன்றைக்கு வராமல் இருந்திருப்பேன். படத்திலிருந்து விலகிக்கொள் என்றாலும் விலகியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

படம் எடுத்தேன். பெண்ணையும் பையனையும் சன்னல் பக்கம் நிற்க வைத்து எடுத்தது நன்றாகவே வந்தது. அந்த அம்மா பார்த்துவிட்டு, “புள்ள நல்லா வுழுந்திருக்குது. கல்யாணத்துக்கும் இவங்களையே வச்சுக்கலாமே. எவ்ளோ வாங்குவீங்க?” என்றார்.

தங்கை என் முகத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், எல்லாம் கலைந்துவிடும். அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது.

“நான் கல்யாணத்துக்கெல்லாம் எடுக்கறதில்லீங்க” என்றேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். பின்னாலேயே ஓடி வந்த தங்கை என் கையைப் பிடித்தாள். “சாப்புட்டுப் போக்கா.”

உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில்தான் அதைச் சொன்னாள்.